புதிதாக சூப்பர்வைசர் ஆன கிறிஸ்தவருக்கு: வேலையிடத்தில் பணிவிடைத் தலைமை

டீம் லீடர், வார்டு இன்சார்ஜ், ஃப்ளோர் சூப்பர்வைசர், ஷிப்ட் மேற்பார்வையாளர் என்று ஏதோ ஒரு பொறுப்பை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நேற்றுவரை பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் இன்று லீவுக்கு உங்கள் கையெழுத்தைக் கேட்டு நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேட்கிற வசனத்தைத் திங்கட்கிழமை ஷிப்டில் எப்படிக் கடைப்பிடிப்பது என்ற கேள்வி உங்களுக்கு இருந்தால், மேலே படியுங்கள். மருத்துவமனை வார்டையும் ஜவுளிக்கடையையும் அதிகமாக உதாரணம் காட்டியிருக்கிறேன். உங்கள் வேலை வேறாக இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடலாம். பணிவிடைத் தலைமை என்றால் குரலை உயர்த்தாமல் பேசுவது, எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுப்பது, யார் எதைக் கேட்டாலும் சரி என்பது என்று பலர் நினைக்கிறார்கள். இயேசு இதைப் பற்றிப் பேசிய சந்தர்ப்பமே பதவி விவகாரம்தான். செபெதேயுவின் மகன்கள் இருவரும் வந்து வலதுபக்கத்து இடத்தையும் இடதுபக்கத்து இடத்தையும் தங்களுக்குக் கேட்டார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல் வந்தது. அப்போதுதான் அவர், அதிகாரிகள் ஜனங்களை எப்படி இறுக்கி ஆளுகிறார்கள் என்பதைக் காட்டி, "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது" என்றார் (மாற்கு 10). சீஷர்களின் கால்களைக் கழுவிய இரவைச் சொல்லும்போதும் யோவான் ஒரு விஷயத்தை முன்னால் வைக்கிறார்: பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று அறிந்தே அவர் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார் (யோவான் 13). அதிகாரத்தை அவர் எங்கேயும் தூக்கிப் போடவில்லை. அது யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதைத்தான் மாற்றினார்.

ஆகவே உங்கள் கையில் உண்மையில் என்னென்ன அதிகாரம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ரோஸ்டர் (யாருக்கு எந்த நாள் எந்த ஷிப்ட் என்ற பட்டியல்) போடுவது, லீவு கொடுப்பது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, யாருக்கு எந்த வேலை என்று பிரிப்பது, அப்ரைசலில் எழுதுவது, மேலதிகாரியிடம் யாரைப் பற்றி என்ன சொல்வது. உங்கள் ஊழியம் இந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது. நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அநியாயமாக ரோஸ்டர் போடுகிறவர் யாருக்கும் பணிவிடை செய்யவில்லை.

முதல் மாதம்: கேட்பது

புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவருக்கு வேதாகமத்தில் சரியான எச்சரிக்கை ரெகொபெயாமின் கதை (1 இராஜாக்கள் 12). சாலொமோன் இறந்தபின் ஜனங்கள் அவர் மகனான இவனிடம் வந்து பாரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள். இன்று நீர் இவர்களுக்கு ஊழியக்காரனாகி நல்ல வார்த்தை சொன்னால் இவர்கள் எந்நாளும் உம்மோடு இருப்பார்கள் என்று முதியவர்கள் ஆலோசனை சொன்னார்கள். அவனோ தன்னோடு வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டு, அப்பா வைத்த நுகத்தை இன்னும் பாரமாக்குவேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் கைவிட்டுப் போயின. 'முதல் நாளிலேயே கெத்து காட்டினால்தான் பயப்படுவார்கள்' என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கீழ் உள்ள ஒவ்வொருவரோடும் தனித்தனியாக ஒரு இருபது நிமிடம் பேசுங்கள். கேபினுக்குள் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினால் எதுவும் வெளியே வராது. டீ நேரத்தில், ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது என்று பாருங்கள். வேலையில் உங்களுக்கு வீண் சிரமமாக இருப்பது எது? இங்கே யாரும் கவனிக்காமல் விடுவது எது? அடுத்து என்ன கற்றுக்கொள்ள ஆசை? இந்த மூன்று கேள்விகள் போதும். வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் குறித்துவையுங்கள்.

அப்புறம், கேட்டவற்றில் உங்களால் முடிகிற சின்ன விஷயம் ஒன்றை இரண்டு வாரத்துக்குள் சரிசெய்துவிடுங்கள். ஓடாத ஃபேன், பூட்டிக் கிடக்கும் கழிப்பறை, தண்ணீர் கேன். பேசிய பேச்சு வீணாகவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். ஜவுளிக்கடையில் என்றால் உட்கார இடம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி, விற்பனையில் நிற்கிற ஊழியர்கள் இடையில் உட்கார்ந்துகொள்ள இருக்கை வசதி இருக்க வேண்டும். ஆனால் ஸ்டூலைப் போட்டுவைத்தும், 'கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க' என்ற ஒரு பார்வையாலேயே யாரையும் உட்காரவிடாத ஃப்ளோர்கள் உண்டு. அங்கே சூப்பர்வைசர் செய்யக்கூடிய ஊழியம், கூட்டம் இல்லாத நேரத்தில் 'உக்காருங்கம்மா' என்று வாய்திறந்து சொல்வது. முதலாளி வந்து ஏன் என்று கேட்டால் 'நான்தான் சொன்னேன்' என்று முன்னால் நிற்பது.

ரோஸ்டர்

என்னைக் கேட்டால், ஒரு இன்சார்ஜ் எப்படிப்பட்டவர் என்று அறிய அவர் போடும் ரோஸ்டரைப் பார்த்தாலே போதும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான வார்டுகளில் நைட் ஷிப்டும் ஞாயிறும் பண்டிகை நாளும் யார் தலையில் விழுகின்றன என்று பாருங்கள். 'முடியாது சிஸ்டர்' என்று சொல்லத் தெரியாத, புதிதாகச் சேர்ந்த, ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணின் தலையில்தான். யாரும் திட்டம் போட்டு இதைச் செய்வதில்லை. சத்தம் போடுகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, மிச்சம் இருப்பது அமைதியானவர்களுக்குப் போகிறது. இதைத் தடுக்க நல்ல மனசு மட்டும் போதாது, கணக்கு வேண்டும். ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நைட், எத்தனை ஞாயிறு, எத்தனை பண்டிகை நாள், எத்தனை டபுள் டியூட்டி என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் அநியாயம் தானாகவே கண்ணில் படும். அந்த நோட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று மேசைமேல் வைத்துவிடுங்கள்.

ரோஸ்டரைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே ஒட்டிவிடுங்கள். கைக்குழந்தையை மாமியார் வீட்டில் விட்டு வருகிறவருக்கும், ஊரிலிருந்து கடைசி பஸ் பிடித்து வருகிறவருக்கும் இது பெரிய உதவி. உங்கள் பெயரையும் அதில் போடுங்கள். மாதத்துக்கு ஒரு நைட்டாவது நீங்களும் பாருங்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற ஆள் கிடைக்காமல் அலைவது எப்படி இருக்கும் என்பது பகல் டியூட்டியில் உட்கார்ந்திருந்தால் தெரியாது.

கிறிஸ்தவ இன்சார்ஜுக்குப் பண்டிகைகளில் தனிச் சோதனை உண்டு. கிறிஸ்மஸ், பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் சபை ஆட்களுக்கு லீவு என்று ஆகிவிட்டால் மற்றவர்கள் வாயால் சொல்லாவிட்டாலும் கவனிப்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்தவ ஊழியர்கள் டியூட்டி பார்ப்பது என்று முதலில் உங்கள் பெயரை எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள். ரம்ஜான் நோன்பு இருக்கிறவரிடம் எந்த ஷிப்ட் வசதி என்று நீங்களே போய்க் கேளுங்கள். கிறிஸ்மஸ் வரும்போது, 'நீங்க போங்க சிஸ்டர், நாங்க பாத்துக்கறோம்' என்று அவர்களே சொல்கிற வார்டுகள் இருக்கின்றன. சொல்லாவிட்டாலும் கணக்கு நோட்டு இருக்கிறதே, அதன்படி போடலாம். சபைத் தோழிக்கு எல்லா ஞாயிறும் ஆஃப் கொடுப்பதும் பாரபட்சம்தான். மற்றவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை குடும்பம் இருக்கிறது.

உங்களைப் பற்றி மேலே போய்ப் புகார் சொல்லும் ஒருவர் எந்த டீமிலும் இருப்பார். அவருக்கும் அதே கணக்குப்படியே போடுங்கள். கால்களைக் கழுவிய இரவில் யூதாசும் அந்த அறையில்தான் இருந்தான். அவனுடைய கால்களை விட்டுவிட்டதாக வேதம் சொல்லவில்லை.

கான்ட்ராக்ட் ஆட்கள் உங்கள் கீழ் இருந்தால் இன்னொரு விஷயம். அவர்கள் சம்பளம் பல இடங்களில் நீங்கள் கையெழுத்திடும் வருகைப் பதிவேட்டைப் பொறுத்தே வருகிறது. மேசையில் இரண்டு நாள் அது கிடந்தால் ஒரு குடும்பத்தின் வாடகை இரண்டு நாள் தள்ளிப்போகும். கூலிக்காரனுக்குப் பொழுது போகுமுன்னே அவன் கூலியைக் கொடுக்கவேண்டும் என்கிறது உபாகமம் 24. சம்பளம் போடுவது உங்கள் கையில் இல்லாவிட்டாலும் அந்தக் கையெழுத்து உங்கள் கையில் இருக்கிறது. அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பழியும் பாராட்டும்

மேலதிகாரி வந்து 'யார் பண்ணது இது?' என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எங்க டீம் சைடு தப்பு சார். நான் செக் பண்ணிட்டு சாயங்காலம் ரிப்போர்ட் கொடுக்கிறேன்' என்று சொல்லுங்கள். பெயரை அங்கே வெளியே விடாதீர்கள். பிறகு, தவறு செய்தவரைத் தனியே அழைத்து என்ன நடந்தது என்று கேளுங்கள். நீயும் அவனும் தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்து என்று மத்தேயு 18இல் இருப்பது சபைக்குச் சொன்னது. வேலையிடத்துக்கும் அதைவிட நல்ல முறை இல்லை. அதற்காக எதையும் மூடி மறைக்கவும் கூடாது. நோயாளிக்கு மருந்து மாறிப்போயிருந்தால், பணக்கணக்கு தவறியிருந்தால், அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதியே ஆக வேண்டும். ஆளைக் காப்பாற்றுகிறேன் என்று நோயாளியைக் கைவிடுவது ஊழியம் ஆகாது.

பாராட்டு வந்தால் இதற்கு நேர்மாறு. பெயர் சொல்லி மேலே அனுப்புங்கள். 'டீம் ஒர்க் சார்' என்று பொதுவாகச் சொன்னால் அந்தப் பெயர் கடைசியில் உங்களிடமே ஒட்டிக்கொள்ளும். 'அந்த ஐடியா கவிதாவோடது சார், மெயிலில் அவங்களையும் சேர்த்திருக்கேன்' என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஒரே மேசை

இதைப் பலர் எழுதத் தயங்குகிறார்கள். நம் வேலையிடங்களில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குத் தனி டம்ளர், தனி மூலை இருக்கிற இடங்கள் இன்னும் உண்டு. காரணம் என்ன என்று யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். பெரிய வியாழன் அன்று ஆலயத்தில் கால் கழுவும் சடங்கைக் கண்கலங்கப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை 'ஏய், இங்க வா' என்று அறுபது வயது அம்மாவைக் கூப்பிடுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். சபைக்குள்ளேயே சாதி தீர்ந்தபாடில்லை என்பதும் உண்மை.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அதைத் தனிப்பட்ட பழக்கம் என்று விடாமல், முகத்துக்கு நேராக எதிர்த்தார் (கலாத்தியர் 2). ஒரே மேசை என்பது அவருக்குச் சுவிசேஷத்தின் விஷயமாக இருந்தது. ஆகவே தனி டம்ளர் இருந்தால் எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் எதுவும் வேண்டாம், ஒரே மாதிரி டம்ளர்களை வாங்கி வைத்துவிட்டு நீங்கள் முதலில் அதில் குடியுங்கள். துப்புரவு வேலை செய்கிறவரைப் பெயர் தெரிந்து 'லட்சுமி அக்கா', 'முருகன் அண்ணா' என்று, வாங்க போங்க சேர்த்துக் கூப்பிடுங்கள். வாரத்தில் சில நாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர்கள் உட்காரும் இடத்துக்கே போங்கள்.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, பிறகு 1912இல் தோர்ணக்கல் பேராயராகி ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர், 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசினார். மிஷனரிகள் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், அதற்கு நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். கூடியிருந்த பலருக்கு அது கசந்தது. பணிவிடை செய்ய விரும்புகிற ஒவ்வொரு சூப்பர்வைசரும் கேட்க வேண்டிய பேச்சு அது. தீபாவளிக்குத் தாராளமாகப் பணம் கொடுத்துவிட்டு, ஒரு நாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாமல் இருக்க நம்மால் முடியும்.

கஷ்டமான விஷயங்கள்

'அவங்க கிறிஸ்டியன், கெஞ்சினா விட்டுருவாங்க' என்ற பெயர் உங்களுக்கு வந்துவிட்டால், அதன் சுமை ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் மேல்தான் விழும். லீவு கொடுக்க முடியாதென்றால் அன்றைக்கே, காரணத்தோடு, நேரில் சொல்லுங்கள். 'பாக்கலாம்' என்று இழுத்துக் கடைசி நாளில் கைவிரிப்பது மிகவும் கொடுமையானது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்றுதானே ஆண்டவர் சொன்னார். தொடர்ந்து தாமதமாக வருகிறவரிடம் முதலில் காரணம் கேளுங்கள். உதவ முடிந்தால் உதவுங்கள். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் எழுத்தில் எச்சரிக்கை கொடுங்கள். எச்சரிக்கையும் ஊழியம்தான், அவரை வேலையிலிருந்து தூக்கும் நாள் வராமல் தடுக்கும் வாய்ப்பு அது.

பாலியல் தொந்தரவுப் புகார் வந்தால் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மன்னித்துவிடச் சொல்வது உங்கள் வேலை கிடையாது. ஜெபம் பண்ணலாம் என்று சொல்லி அனுப்பிவிடவும் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதனால் உங்கள் தயக்கத்தால் அவருடைய நாட்கள் வீணாகக் கூடாது. பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. புகார் எழுத அவருக்கு உதவுங்கள். அவர் சம்மதித்தால் கூடவே போங்கள், பேச்சு வெளியே பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போவாஸ் தன் வயலில் கதிர் பொறுக்க வந்த ரூத்துக்கு என்ன செய்தார் என்று ரூத் 2ஐ ஒரு சூப்பர்வைசரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். அவளைத் தொடக்கூடாது என்று வேலைக்காரருக்கு முன்கூட்டியே கட்டளையிட்டார். தண்ணீர் எங்கே குடிக்கலாம் என்று காட்டினார். சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் அழைத்தார். அவள் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று அரிகளிலிருந்து கதிர்களை வேண்டுமென்றே விடச் சொன்னார். அந்நிய நாட்டுப் பெண் பயமின்றி வேலை செய்யக்கூடிய வயல் இப்படித்தான் உருவானது.

ஆட்களை வளர்ப்பது

எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுச் செய்வதுதான் பணிவிடை என்று நினைத்துச் சோர்ந்துபோகிறவர்கள் அதிகம். காலைமுதல் சாயங்காலம்வரை ஜனங்களை நிற்கவைத்து ஒருவனாக நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார் (யாத்திராகமம் 18). ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர்களை வைக்கச் சொன்னார்.

வேலூரில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியை ஆரம்பித்தார். நோயாளிகளைத் தானே பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். 1909இல் செவிலியர் பயிற்சியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' என்ற ஆண்டவரின் வார்த்தையிலிருந்து எடுத்ததுதான், அந்தப் பள்ளி வளர்ந்து உருவான வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இலக்குவாசகம். நீங்கள் மட்டும் செய்கிற வேலைகளில் ஒன்றை, உதாரணமாக ஸ்டாக் இன்டென்ட் (தேவையான பொருள்களைக் கேட்டு எழுதும் பட்டியல்) போடுவதை, இந்த மாதமே ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள். முதல் சில தடவை தவறு வரும். பக்கத்தில் நின்று பாருங்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள்.

விசுவாசத்தைப் பேசுவது

என் கருத்து இது: உங்கள் அப்ரைசலுக்குக் காத்திருக்கும் டிரெய்னியிடம் கைப்பிரதி கொடுக்காதீர்கள், ஜெபக்கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். அவரால் மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் வருகிற 'சரி சிஸ்டர்' என்பதில் விசுவாசம் இல்லை, பயம்தான் இருக்கும். அவரே கேட்டால் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்லுங்கள், பேதுருவும் அப்படித்தான் எழுதினார். கேட்காதவரை, ஷிப்டுக்குக் கிளம்புமுன் ரோஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மனதுக்குப் பிடிக்காதவரின் பெயரைத் தினமும் அப்படிச் சொல்லிவந்தால் அவரிடம் கடுமையாகப் பேசுவது கடினமாகிவிடும்.

மூன்று மாதம் கழித்து

பணிவிடைத் தலைமை என்ற எண்ணத்தை 1970இல் நிர்வாக உலகில் எழுதிப் பரப்பியவர் அமெரிக்காவின் ராபர்ட் கிரீன்லீஃப். தொலைபேசி நிறுவனத்தில் நீண்டகாலம் வேலை செய்த குவேக்கர் கிறிஸ்தவர் அவர். தலைவர் எவ்வளவு தாழ்மையாக இருக்கிறார் என்பதை அவர் அளவுகோலாக வைக்கவில்லை. அந்தத் தலைவரின் கீழ் இருக்கிறவர்கள் வளர்கிறார்களா, தாங்களாகவே முடிவெடுக்கிறார்களா, அவர்களும் பிறருக்குப் பணிவிடை செய்கிறவர்களாக ஆகிறார்களா என்று பார்க்கச் சொன்னார். நாம் எவ்வளவு தாழ்மை என்று நாமே யோசித்துக்கொண்டிருப்பதைவிட இது நல்ல சோதனை.

அதனால் மூன்று மாதம் ஆனதும் முதல் மாதத்துக் குறிப்புகளை எடுங்கள். அதே ஆட்களிடம் மறுபடியும் தனித்தனியாகப் பேசுங்கள். இந்தத் தடவை ஒரே கேள்வி போதும்: 'நான் செய்யறதுல எது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?' முதலில் 'ஒண்ணும் இல்ல சிஸ்டர்' என்பார்கள். சும்மா காத்திருங்கள். மேலதிகாரிக்கு முன்னால் இதைச் சொல்ல அவர்களுக்குப் பழக்கமில்லை. யாராவது ஒருவர் ஒன்றைச் சொன்னால், விளக்கம் கொடுக்காதீர்கள், சமாதானம் சொல்லாதீர்கள். நோட்டில் எழுதிக்கொண்டு நன்றி சொல்லுங்கள். அடுத்த ரோஸ்டர் ஒட்டுவதற்குள் அதை மாற்றிவிட்டு, சொன்னவரிடம் போய் மாற்றியதைத் தெரிவித்துவிடுங்கள்.